85,000 ரூபாய் கட்டினால் பேரிடர் மீட்புப் படையில் வேலை கிடைக்குமா?

கேள்வி: 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் என் மகன் அவன் மாமாவின் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு மணலி புதுநகருக்குப் போய் ஆட்களை ஏற்றி வந்தான். அதிலிருந்து மீட்பு வேலைக்குத்தான் போவேன் என்கிறான். வயது 21, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறான். ஒரு பயிற்சி மையத்தில் 'ஃபயர் அண்ட் சேஃப்டி' ஒரு வருஷப் படிப்புக்கு 85,000 ரூபாய் கேட்கிறார்கள். முடித்தால் என்டிஆர்எஃப், தீயணைப்புத் துறை இரண்டில் ஒன்றில் வேலை நிச்சயமாம். அட்வான்ஸ் 5,000 கட்டிவிட்டோம். மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா?
– ஒரு தாய், திருவொற்றியூர்

பதில்: வைக்காதீர்கள் அம்மா. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

என்டிஆர்எஃப் என்ற தேசியப் பேரிடர் மீட்புப் படை நேரடியாக ஆள் எடுப்பதே இல்லை. அரக்கோணத்தில் இருக்கிற 4-வது பட்டாலியனிலும் சரி, வேறெங்கும் சரி, அங்கே இருப்பவர்கள் சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப் போன்ற மத்தியப் படைகளிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். ஆகவே உங்கள் மகன் முதலில் அந்தப் படைகளில் சேர, மத்தியப் பணியாளர் தேர்வாணையம் (எஸ்எஸ்சி) நடத்தும் 'ஜிடி கான்ஸ்டபிள்' தேர்வை எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு போதும். பொதுப் பிரிவுக்கு வயது 18 முதல் 23 வரை, மற்றவர்களுக்குத் தளர்வு உண்டு. இப்போது தமிழிலும் எழுதலாம். விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். அந்த 100 ரூபாய்க் கதவைத்தான் உங்களுக்கு 85,000-க்கு விற்கப் பார்க்கிறார்கள்.

தீயணைப்பாளர் வேலையும் இப்படித்தான். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்தே தேர்வு வைக்கிறது. பத்தாம் வகுப்பு, தமிழ்த் தகுதித் தேர்வு, எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுதல். 'ஃபயர் அண்ட் சேஃப்டி' சான்றிதழை அங்கே ஒருவரும் கேட்பதில்லை. கேட்பது உயரத்தை: 170 செ.மீ., பட்டியலினத்தவருக்கு 167. மகனை இன்றைக்கே வெறுங்காலோடு சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். வேலை நிச்சயம் என்று சொன்ன அந்த மையம் அவனை அளந்து பார்த்ததா?

இதில் எனக்கு இருக்கிற எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்து, தேர்வு முடிந்து, ஆணை கையில் கிடைப்பதற்குள் பையன்களுக்கு வயது ஓடிவிடுகிறது. என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டுச் சான்றிதழுக்கு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் படகைச் சந்துக்குள் திருப்பத் தெரிந்தவனுக்கு ஒன்றும் கிடையாது. வெள்ளம் வந்தால் மட்டும் முதல் போன் மீனவர் குப்பத்துக்குத்தான் போகும். 'ஆப்த மித்ரா' என்று பேரிடர் தன்னார்வலர்களுக்கு 12 நாள் இலவசப் பயிற்சி நடத்தினார்கள். நல்ல பயிற்சி, இப்போதும் நடக்கிறதா என்று மாவட்ட நிர்வாகத்தில் கேட்டுப் போகட்டும். ஆனால் அது தன்னார்வலர் பணி, சம்பளம் கிடையாது.

அந்த மையத்துக்கு மறுபடி போனால் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஐஎஸ்ஓ 9001 இருக்கும். அது அலுவலக நடைமுறைக்கான சான்று, படிப்புக்கானது அல்ல. பக்கத்தில் தேசியச் சின்னத்தோடு 'உத்யம்' பதிவு இருக்கும். சிறு தொழில் செய்கிற யாரும் இணையத்தில் இலவசமாக எடுக்கக்கூடியது அது. இந்த இரண்டையும் காட்டித்தான் 'அரசு அங்கீகாரம்' என்பார்கள். இவர்கள் 'பிளேஸ்மெண்ட்' என்று சொல்வது பெரும்பாலும் ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் ஷட்டவுன் சமயத்தில் காண்ட்ராக்டரிடம் 'ஃபயர் வாட்ச்' வேலை. வெல்டிங் நடக்கிற இடத்தில் தீயணைப்பு சிலிண்டரோடு 12 மணி நேரம் நிற்க வேண்டும், தினக்கூலி.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்பது சட்டம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்களே, அந்த மாதிரி நேரத்தில் எந்த வால்வை மூடுவது, யாரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரிந்த ஆள் ஆலைக்குள்ளேயே வேண்டும். மணலிக்கும் எண்ணூருக்கும் இதுவும் பேரிடர் வேலைதான். இதற்குத் தொழில் பாதுகாப்பு டிப்ளமோ உண்மையிலேயே தேவை. ஆனால் அரசு ஏற்றுக்கொண்ட டிப்ளமோவாக இருக்க வேண்டும். தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் ஒரு வருஷப் படிப்பு நடத்துகிறது. ஆலையில் மேற்பார்வை அனுபவமும் வேண்டும். டிகிரிக்காரர்களைவிட டிப்ளமோக்காரர்களுக்கு அதிக வருஷம் கேட்பார்கள். அதனால் முதலில் ஆலையில் சேரட்டும், படிப்பு அப்புறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, சான்றிதழ் கையில் இருந்தும் பதவிக்குத் தகுதியில்லாமல் நிற்கிறார்கள். எந்த மையமானாலும் பணம் கட்டும் முன், அந்தப் படிப்பு பாதுகாப்பு அதிகாரி பதவிக்குச் செல்லுமா என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மையத்தின் வரவேற்பறையில் கேட்டால் செல்லும் என்றுதான் சொல்வார்கள்.

கட்டிய 5,000? ரசீது இருந்தால், சேர விருப்பமில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மார்க் ஷீட், டிசி அசலைக் கொடுத்திருந்தால் பணத்துக்கு முன்னால் அதை வாங்கிவிடுங்கள். பாக்கி கட்டினால்தான் தருவோம் என்று மிரட்டுவது இவர்கள் வழக்கம். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.