பூதத்துக்குப் பச்சை அடிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

உருவக் கிட்டுகள் (பாகங்களை ஒட்டிப் பெயின்ட் அடித்து நாமே முடிக்கும் பொம்மைகள்) பற்றிய உங்கள் பதிவைப் படித்துவிட்டு, அமெரிக்காவிலிருந்து வந்த நண்பரிடம் சொல்லி, அரோரா என்ற பழைய அமெரிக்க நிறுவனத்தின் ஃபிராங்கன்ஸ்டைன் பூதக் கிட்டின் மறுவெளியீடு ஒன்றை வாங்கினேன். குறிப்புத்தாளில் உள்ளபடியே முகத்துக்குப் பச்சை, கோட்டுக்குக் கறுப்பு அடித்தேன். திருவிழாக் கடைப் பொம்மை மாதிரி நிற்கிறது. படம் இணைத்துள்ளேன். காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ் வாங்கினால் சரியாகுமா? “எவனோ செஞ்ச பொம்மைக்குக் கலர் அடிக்கிறீங்க, இதுல உங்க வேலை என்ன?” என்கிறார் மைத்துனர். அடுத்து, அச்சில் ஊற்றி இறுகவைத்த பிசினால் ஆன ரெசின் கிட் ஒன்று வாங்க ஆசை. அதே உருவம் வேறொரு தளத்தில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

க., கோவை

அன்புள்ள க.,

ஏர்பிரஷ் இப்போது வேண்டாம். படத்தைப் பார்த்தேன். ஒட்டிய இடம் தெரியாதபடி தேய்த்திருக்கிறீர்கள், பெயின்ட்டும் திட்டுத் திட்டாக இல்லை. ஆனால் கோட்டு முழுக்க ஒரே கறுப்பு, முகம் முழுக்க ஒரே பச்சை. சிக்கல் அதுதான்.

ஆளுயர உருவத்தில் புருவத்துக்குக் கீழேயும் கோட்டு மடிப்புக்குள்ளேயும் விழும் நிழல் நம் கண்ணில் படும். அதையே எட்டில் ஒன்றாகச் சுருக்கினால் மடிப்பின் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். அந்த நிழலைக் கண் பொருட்படுத்தாது. அதனால் நிழலையும் நாமே பெயின்ட்டில் போட வேண்டியிருக்கிறது. இணையத்தில் நீங்கள் பார்த்து வியந்தவை எல்லாம் இப்படிப் போட்ட நிழல்தான்.

செய்முறை எளிது. உருவம் முழுக்கக் கறுப்பு பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, அடியுங்கள். காய்ந்ததும் தலைக்கு மேலிருந்து சாய்வாக, ஒரே பக்கத்திலிருந்து, வெள்ளை பிரைமரை லேசாக விசிறுங்கள். ஸ்பிரே டப்பாவே போதும். நெற்றி, மூக்குத் தண்டு, தோள், நீட்டிய கையின் மேற்புறம் வெளுக்கும். கண்குழியும் கக்கமும் கறுப்பாகவே நிற்கும். இந்த நிலையில் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த நிறத்தை எங்கே வெளுக்க வேண்டும், எங்கே இருட்ட வேண்டும் என்பதற்கு அதுதான் வரைபடம். அப்புறம் பெயின்ட்டை நீர்க்கக் கரைத்து, அடியில் உள்ளது தெரியும்படி பூசுங்கள்.

கோட்டுக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம். கொஞ்சம் நீலம் கலந்த அடர்சாம்பல் அடித்து, கறுப்பை மடிப்புக்குள் மட்டும் விடுங்கள். பிரஷ்ஷில் வெளிர்சாம்பலைத் தொட்டு, துணியில் துடைத்து, ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் காலர் விளிம்பிலும் கைமடிப்பிலும் தட்டினால் துணி துணியாகத் தெரியும்.

கண்ணை முதலிலேயே முடித்துவிடுங்கள். நம் ஸ்தபதிகள் கண் திறப்பதைக் கடைசிக்கு வைப்பார்கள், இங்கே தலைகீழ். விழி இமைக்கு வெளியே வழிந்தாலும் முகத்தின் நிறத்தால் மூடிக்கொள்ளலாம். வெள்ளைக்குப் பதில் தந்தநிறம் வையுங்கள். கருவிழி மேல் இமையைத் தொட்டு நிற்கட்டும். நடுவில் மிதந்தால் பேயறைந்த முழி வந்துவிடும். பூதம் மற்றவர்களை அறையவேண்டியது அல்லவா!

முகத்தின் பச்சை விஷயத்தில் குறிப்புத்தாளுக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை. 1931-இல் யூனிவர்சல் எடுத்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படம் கறுப்பு வெள்ளை. பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃப் முகத்தில் ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் பச்சை கலந்த சாம்பல் பூசியதே, திரையில் பிணம் மாதிரி வெளுத்துத் தெரியத்தான். பூதம் பச்சையாகவே நிலைத்தது போஸ்டர், பொம்மை, விளம்பரம் வழியாக. ஆகவே பச்சையும் சரி, சாம்பலும் சரி, மெழுகுமஞ்சளும் சரி. நான் அடித்தால் சாம்பல்பச்சையில் தொடங்கி, கண்குழியிலும் கழுத்து முளைகளைச் சுற்றியும் நீர்த்த செங்கபிலம் ஓடவிடுவேன்.

மைத்துனருக்குப் பதில் அவர் வீட்டுக் கொலுவிலேயே இருக்கிறது. பொம்மைக் கடையில் ஒரே அச்சில் வார்த்த ஐந்து மீனாட்சிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். அதில் ஒன்றைத்தானே “இது முகம் நல்லாருக்கு” என்று எடுத்து வருகிறோம்? களிமண்ணில் வேறுபாடு இல்லை, பிரஷ் பிடித்த கையில் இருக்கிறது. அரோரா அந்தப் பூதத்தை 1961-இல் வெளியிட்டது. நிறுவனம் 1977-இல் மூடிய பிறகும் பிறர் மறுபடி மறுபடி வெளியிட்டார்கள். ஒரே கல்லறை மேல் ஒரே மாதிரி கை நீட்டி நிற்கும் அத்தனை பூதங்களில் முகம் மட்டும் ஆளுக்கொன்று. கிட் பெட்டியின் மேல் படம் வரைந்த ஓவியர் ஜேம்ஸ் பாமாவை எட்டிப் பிடிக்கத்தான் அந்தக் காலத்துப் பையன்கள் பெயின்ட்டோடு மல்லுக்கட்டினார்கள்.

மலிவு ரெசின் பற்றி: வேண்டாம். அது பெரும்பாலும் திருட்டு வார்ப்பு. யாரோ ஒரு சிற்பி வார்த்து விற்ற கிட்டை வாங்கி, அதிலிருந்தே சிலிக்கான் அச்சு எடுத்து நகல் போட்டிருப்பார்கள். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும்; நகலின் நகலில் மூட்டுகள் பொருந்தாது, விரல் நுனியில் காற்றுக்குமிழி இருக்கும். சிற்பிக்குக் காலணா போகாது. ஜப்பானில் நடக்கும் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற உருவக் கிட் விழாவில் தனிநபர்கள் விற்கும் கிட்டுகளுக்கு உரிமைதாரர்கள் அந்த ஒரு நாளுக்கு மட்டும் அனுமதி தருவார்கள். அந்த வகை உருவம் வருஷம் முழுக்க, அதுவும் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

நல்ல கிட்டே வாங்கினாலும், முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போட்டுக் கழுவுங்கள். அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய பூச்சு போகாவிட்டால் பெயின்ட் பிடிக்காது. கனமான பாகங்களுக்குள் பித்தளைக் கம்பி செருகி, சூப்பர் குளூ வையுங்கள். ரெசின் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். உப்புத்தாளை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், அதுவும் தூசிக்கான மாஸ்க் போட்டுக்கொண்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில்.