நேந்திரன், மொந்தன், ரஸ்தாளி: சுங்கத்தில் எந்தக் குறியீடு?

கேள்வி: சிங்கப்பூரில் தேக்கா பக்கம் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறேன். கொச்சியிலிருந்து நேந்திரன், திருச்சியிலிருந்து மொந்தன், மலேசியாவிலிருந்து ரஸ்தாளி தருவிக்கிறேன். என் சுங்க முகவர் எல்லாவற்றையும் ஒரே குறியீட்டில் போட்டுவந்திருக்கிறார். பச்சையாக வந்தால் ஒரு குறியீடு, பழுத்து வந்தால் வேறு என்கிறார் ஒரு நண்பர். அது சரியா? சுங்கத் துறைக்கு இதுவரை கொடுத்த பழைய அறிவிப்புகளால் சிக்கல் வருமா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரியில்லை. வாழை காயா பழமா என்று சுங்கத் துறை பார்ப்பதில்லை, எந்த ரகம் என்றுதான் பார்க்கிறது. கடைகளில் மஞ்சளாகத் தொங்கும் கேவண்டிஷ் வாழைகூடக் கப்பலில் பச்சையாகத்தான் வருகிறது, வந்த பிறகுதான் பழுக்க வைக்கிறார்கள். பச்சையாக வந்ததால் அது சமையல் வாழை ஆகிவிடாது.

பொருள்களை வகைப்படுத்தும் சுங்கக் குறியீட்டு அட்டவணையில் வாழை 0803 என்ற தலைப்பின் கீழ் வரும். 2012 முதல் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: மாவுச்சத்து மிகுந்த, வேகவைத்தோ சுட்டோ பொரித்தோ சாப்பிடும் வாழை 0803.10, மற்றவை 0803.90. உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பு, முதல் வகை இனிப்பு குறைந்தது என்றும் அதன் மாவுச்சத்து பழுக்கும்போது மற்ற வாழையைப் போலச் சர்க்கரையாக மாறுவதில்லை என்றும் சொல்கிறது. சிங்கப்பூரில் அனுமதி விண்ணப்பத்துக்கு எட்டு இலக்கம் வேண்டும், ஆனால் முதல் ஆறு இலக்கத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் மிச்சத்தை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம்.

ரஸ்தாளி சந்தேகமே இல்லாமல் 0803.90. நேந்திரனைத் தாவரவியலாளர்கள் சமையல் வாழைக் கூட்டத்தில்தான் வைக்கிறார்கள், அதனால் 0803.10. நன்றாகப் பழுத்த நேந்திரன் இனிக்கத்தான் செய்கிறது, கேரளத்தில் அப்படியே உரித்தும் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் புழுக்கியும் வறுத்தும் சாப்பிடுவதே அதன் முதன்மையான பயன் என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. மொந்தன்தான் சிக்கலானது. மரபு வழியில் அது நேந்திரன் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல, ஆனால் நம் வீடுகளில் அது பொரியலுக்கும் பஜ்ஜிக்கும்தான் போகிறது. என் கருத்து 0803.10 பக்கமே சாய்கிறது. அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ரகத்தின் பெயர், படம், சாப்பிடும் முறை ஆகியவற்றோடு சிங்கப்பூர்ச் சுங்கத் துறையிடம் வகைப்பாடு பற்றி முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதம் கையில் இருந்தால் முகவர் மாறினாலும் பிரச்சினை இல்லை.

குளிரூட்டிய கொள்கலனில் வந்தாலும் அது புதிய பழம்தான், 8ஆம் அத்தியாயத்தின் குறிப்பே அப்படிச் சொல்கிறது. உறைய வைத்த துண்டுகள் 0811க்கும் நேந்திரன் சிப்ஸ் 2008க்கும் போய்விடும்.

இனி பணம். எந்த வாழைக்கும் இங்கே சுங்கத் தீர்வை கிடையாது. மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள்கள்தாம் தீர்வைக்கு உட்பட்டவை. பொருளின் விலை, காப்புறுதி, சரக்குக் கட்டணம் சேர்ந்த மதிப்பில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி உண்டு. 4,000 வெள்ளிச் சரக்குக்கு 360 வெள்ளி. இரண்டு குறியீட்டிலும் இதே தொகைதான், ஆகவே அரசுக்கு நீங்கள் வரி பாக்கி வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

அப்படியென்றால் விட்டுவிடலாமா? கூடாது. வரி குறையாவிட்டாலும் தவறான அறிவிப்பு சுங்கச் சட்டப்படி குற்றம்தான். 10,000 வெள்ளி வரை, அல்லது சேர வேண்டிய வரித்தொகை அளவு, இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம், 12 மாதம் வரை சிறையும் உண்டு. உங்களைப் போன்ற நிலையில் அவ்வளவு தூரம் போகும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் "முகவர் போட்டது" என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது, அனுமதி உங்கள் நிறுவனப் பெயரில் இருக்கிறது. சுங்கத் துறை கேட்பதற்கு முன் நீங்களே சொல்லத் தன்னார்வ வெளிப்படுத்தல் திட்டம் இருக்கிறது. பழைய அனுமதிகளையும் விலைப்பட்டியல்களையும் எடுத்துவைத்து, தவறான குறியீட்டில் போன சரக்குகளைப் பட்டியலிட்டு இந்த மாதமே எழுதுங்கள். ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் அவை உங்களிடம் இருக்கும்.

சிங்கப்பூர் உணவு அமைப்பின் பழம், காய்கறி இறக்குமதி உரிமம் உங்களிடம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதி வேண்டும். பெட்டிகளில் விளைவித்தவரின் பெயர், முகவரி, பொருள் விவரம், ஏற்றுமதி அல்லது பொதி செய்த நாள் எழுதியிருக்க வேண்டும். அப்புறம், கொச்சி ஏற்றுமதியாளரிடம் விலைப்பட்டியலில் "நேந்திரன்" என்று ரகத்தையே எழுதச் சொல்லுங்கள்.