கடலடித் தொல்லியல் படிக்க விரும்பும் மகள்: காசிமேட்டுத் தாயார் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் படிக்கும் தங்கள் மகள், கடலுக்கடியில் கிடக்கும் பழம்பொருள்களை ஒலியால் கண்டறியும் துறைக்குச் செல்ல விரும்புவதாகவும், அந்தப் படிப்பு சோறு போடுமா என்று தாங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கடலடித் தொல்லியல் என்ற பெயரில் மட்டும் வேலை தேடினால், நம் நாட்டில் பணியிடங்கள் மிகக் குறைவு. ஆனால் அதற்கான கருவிகளை இயக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது.

காசிமேட்டு விசைப்படகுகளில், ஒலி அனுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு ஆழம் அறியும் எக்கோ சவுண்டரின் அடிப்படையே இங்கும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. கலங்கிய நீரில் ஒளியோ சில மீட்டரிலேயே மங்கிவிடும். இருபுறமும் ஒலி அனுப்பி எதிரொலியைப் பதியும் சைடு ஸ்கேன் சோனார் கடல்தரையின் மேற்பரப்பைப் படமாக்குகிறது. குறைந்த அதிர்வெண்ணில் ஒலி அனுப்பும் சப்-பாட்டம் புரொஃபைலர், சேற்றுக்குக் கீழுள்ள அடுக்குகளைக் காட்டுகிறது. அதிர்வெண் கூடினால் படம் துல்லியமாகும், ஊடுருவல் குறையும். டென்மார்க் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி சென்று, மனிதர் செதுக்கிய சிக்கிமுக்கிக் கற்கள் ஒலிபட்டதும் தனித்து அதிர்வதைக் கொண்டு, புதையுண்ட கற்காலக் குடியிருப்புகளைத் தேடுகிறார்கள். இத்துறையில் என்னை மிகவும் கவர்ந்த முயற்சி இதுதான்.

கருவி காட்டும் உருவத்துக்குப் பொருள் சொல்வதுதான் கடினம். பூம்புகாருக்கு அப்பால் ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் சோனாரில் முதலில் கண்டு, பின்னர் மூழ்காளர்களை இறக்கிப் பார்த்த லாட வடிவ அமைப்பு மனிதர் கட்டியதா, அதன் காலம் எது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

ஆகவே, மகள் இளநிலையில் இயற்பியலோ புவியியற்பியலோ மின்னணுவியலோ படிக்கட்டும். தொல்லியலைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். முதுநிலைக்குக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் புவியியற்பியலும், தொல்லியல் பக்கம் சாய்ந்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாறு மற்றும் கடல்சார் தொல்லியல் துறையும் விசாரிக்கத் தக்கவை. துறைமுகங்களில் தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் ஆழம் அளக்கவும், கடலடிக் கேபிள், எண்ணெய்க் குழாய் ஆகியவற்றுக்கு வழி பார்க்கவும் இதே கருவிகளே பயன்படுவதால், எண்ணூரிலோ சென்னைத் துறைமுகத்திலோ நடக்கும் அளவைப் பணிகளும் அவருக்குப் பொருந்தும். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் பணி அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள்.

மகள் கடலில் குதிக்க வேண்டியிருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். மூழ்குவது தனிப் பயிற்சி. சோனார்ப் பதிவைப் படிப்பவர் பெரும்பாலும் திரைக்கு முன்னால்தான் இருப்பார். ஆனால் அளவைக் கப்பலில் வாரக்கணக்கில் தங்க நேரலாம். அதற்கு வீட்டார் சம்மதிப்பீர்களா என்பதை இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள்.