பழைய கார் கேள்வி-பதில்: குனிந்து அடியைப் பார்த்தீர்களா?

மழை விட்டதும் பழைய கார் கடிதங்கள் கூடிவிடும். ஒரு லட்சத்துக்குள் வாங்குகிறவர்களின் கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டு, சுருக்கித் தந்திருக்கிறேன்.

கே: 2008 சான்ட்ரோ ஜிங், 90,000 சொல்கிறார்கள். மீட்டரில் 58,000 கிலோமீட்டர்தான். நம்பலாமா? (பெரம்பூர்)

மீட்டரை நம்பாதீர்கள். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, ஸ்டீயரிங் பிடிக்கும் இடம் பளபளக்கிறதா பாருங்கள். அப்படியிருந்தால் 58,000 பொய். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள்.

சான்ட்ரோ இங்கே சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் உருவான வண்டி. தெரு மெக்கானிக்கும் கை வைப்பார், பாகமும் கிடைக்கும். பயப்பட வேண்டியது, வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டுக்கு. அது ரப்பர், வண்டி ஓடாமல் நின்றாலும் வயதாகி வெடிப்பு விடும். ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே தடவையில் மாற்ற எவ்வளவு ஆகும் என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு, அந்தத் தொகையைக் கழித்து விலை பேசுங்கள்.

கே: 2004 ஃபோர்டு ஐகான் டீசல், 45,000. வாங்கலாமா? (கொளத்தூர்)

அந்த எஞ்சினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

கே: வாட்ஸ்அப்பில் படம் பார்த்து 2006 ஆல்ட்டோ ஒன்றுக்கு 10,000 அட்வான்ஸ் ஃபோனிலேயே அனுப்பிவிட்டேன். வண்டி தாம்பரத்தில் இருக்கிறதாம். போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (ராயபுரம்)

முதலில் அப்படி ஒரு வண்டி இருக்கிறதா என்று பாருங்கள். இதே தப்பைச் செய்துவிட்டு எழுதுகிறவர்களுக்கு மாதாமாதம் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பணம் போன பிறகுதான் கேள்வி வருகிறது.

வண்டி இருந்தால் காலையிலேயே போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், ஆறும்வரை உட்கார்ந்திருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்த டீ நிறத்தில் பிசுக்கு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். ஆர்.சி.யில் உள்ள சேஸி எண்ணையும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பாருங்கள். இதில் ஒன்று இடித்தாலும் அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று வந்துவிடுங்கள்.

கே: கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 வாங்கினேன். உள்ளே பெட்ரோல் வாடை அடிக்கிறது. ஏர் ஃபிரெஷ்னர் வைத்தும் போகவில்லை. (புளியந்தோப்பு)

இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். பழைய ரப்பர் ஹோஸ்கள் வெடித்திருக்கும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பருக்கு ஒத்துக்கொள்வதில்லை. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஹோஸ் முழுவதையும் மாற்றி, பெட்ரோல் பம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். தீப்பிடிக்கிற விஷயத்துக்கு வாசனை டப்பா வைக்காதீர்கள்.

கே: 2003 மாருதி 800. அடியில் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்துச் சுத்தமாக இருக்கிறது. நன்றாக வைத்திருந்த வண்டி என்று எடுத்துக்கொள்ளலாமா? (காசிமேடு)

கூடாது. விற்கப்போகும் நேரத்தில் இருபது வருட வண்டிக்கு யாராவது அடியில் கோட்டிங் அடித்தால், எதை மறைக்கிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

800-இன் எஞ்சின் பற்றி எனக்குக் கவலையே இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர். 1983-இலிருந்து 2014 வரை வந்த வண்டி. பேசின் பிரிட்ஜ் முதல் எண்ணூர் வரை அதைப் பிரித்து மாட்டத் தெரியாத மெக்கானிக் இல்லை. எஞ்சின் போனால் வேலை பார்க்கலாம், வேறு எஞ்சின்கூட வைக்கலாம். உடம்பு போனால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த வண்டிகளுக்கு லாரி மாதிரித் தனிச் சேஸிச் சட்டம் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, எஞ்சினுக்கு இருபுறமும் நிற்கும் முன்பக்க ஏப்ரன் எல்லாம் சேர்ந்ததுதான் எலும்பு. அந்தத் தகட்டைத்தான் நம் வடசென்னை உப்புக் காற்று தின்கிறது. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரத் தெருவில் நிற்கும் எந்தப் பழைய வண்டியையும் விடியற்காலையில் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். மழைத் தண்ணீர் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங் வழியாக இறங்கித் தரை விரிப்புக்கு அடியில் தேங்கும். வெளியேறும் ஓட்டையை மண் அடைத்திருக்கும். துருவைச் சுரண்டாமல் மேலே கோட்டிங் அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, தகடு இன்னும் வேகமாக இற்றுப்போகும்.

வாங்க வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? ஏ.சி. குளிர்கிறதா, பாட்டு கேட்கிறதா, சீட் கவர் புதுசா. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு தடவை தரையில் படுத்துப் பார்த்தால் பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள்.

தரை விரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், இற்றது மொத்தென்று கேட்கும். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி ரன்னிங் போர்டிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது. ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லுங்கள். தகடு உள்ளே அமுங்கினாலோ கதவு மூட மறுத்தாலோ வந்துவிடுங்கள். கடைசியாகப் பானட்டைத் திறந்து, முன் சஸ்பென்ஷன் மேலே போல்ட் ஏறும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். அங்கே துரு உதிர்ந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். முன் சக்கரம் அதை நம்பித்தான் நிற்கிறது.

இன்னொன்று. 20 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2025-இல் 10,000 ஆகிவிட்டது. அதையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கே: அம்மாவை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, கடன் வாங்கி 85,000-க்கு ஒரு கடையில் 2009 வேகன் ஆர் எடுத்தேன். "வெள்ளத் தண்ணி பார்க்காத வண்டி" என்று கடைக்காரர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். மூன்றாவது வாரம் ஸ்டார்ட் ஆகவில்லை. கார்ப்பெட்டைத் தூக்கினால் சேறு. "பார்த்துத்தானே வாங்கினாய்" என்கிறார். (கொடுங்கையூர்)

தம்பி, தப்பு உங்கள் மேல் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டீர்கள். அவர் பொய் சொன்னார்.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து நாலு மாதத்தில் நானும் ஒரு மாருதி ஜென் வாங்கினேன். உள்ளே சென்ட் வாசனை தூக்கலாக இருந்தது. "இது என்ன இவ்வளவு வாசனை" என்று வீட்டில் கேட்டதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒயரிங் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்திருந்தது மூன்று மெக்கானிக் மாறிய பிறகுதான் தெரிந்தது. வாங்கிய விலைக்குச் சமமாகச் செலவழித்து, கடைசியில் இரும்புக்குப் போட்டேன். புகார் கொடுக்காமல் விட்டது இன்றும் உறுத்துகிறது. 2023 மிக்ஜாம் புயலில் நம் வடசென்னையில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று பார்த்தோமே. அவையும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்த வாய்ஸ் மெசேஜை அழிக்காமல் இன்னொரு ஃபோனிலும் வையுங்கள். சேற்றைக் கழுவும் முன் படம் எடுங்கள். மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். அசையவில்லையென்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விற்றது கடை என்பதால் இந்த வழி உங்களுக்கு உண்டு. நடப்பதை எனக்கு எழுதுங்கள், நோட்டீஸ் எழுத நான் உதவுகிறேன்.

கே: ஓனர் 29, 30 ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பேர் மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் புரோக்கர். வண்டியை இப்போது அக்கா மகன் ஓட்டுகிறான். (தண்டையார்பேட்டை)

வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பேர் மாறாத வண்டி மோதினால் ஆர்.சி.யில் பேர் உள்ளவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டவரை மாட்டிவிடாதீர்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இந்த வாரமே போங்கள். இன்சூரன்ஸும் உங்கள் பேருக்கு மாறும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.