ஐந்து இடம், எட்டு வீரர்: ஃபேன்டஸி பேஸ்பாலில் யாரைத் தக்கவைப்பது?

கேள்வி: நியூ ஜெர்சியில் நண்பர்கள் 12 பேர் சேர்ந்து ஃபேன்டஸி பேஸ்பால் லீக் நடத்துகிறோம், அதாவது நிஜ வீரர்களைக் கற்பனை அணிகளில் சேர்த்து, அவர்கள் மைதானத்தில் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டி. ஏல முறை, ஆளுக்கு 260 டாலர், 23 வீரர்கள், 5×5 ரோட்டிசரி (பேட்டிங்கில் ஐந்து, பிட்சிங்கில் ஐந்து பிரிவுகளில் அணிகளின் தரவரிசைக்குப் புள்ளி). போன வருட அணியிலிருந்து ஐந்து பேரை ஏலத்துக்கு விடாமல் கீப்பராக வைத்துக்கொள்ளலாம். பழைய விலையோடு 5 டாலர் கூடும். அப்படிக் கூட்டிய விலையில் என்னிடம் இருப்பவர்கள்: நட்சத்திர அவுட்ஃபீல்டர் 45, ஷார்ட்ஸ்டாப் 12, இளம் அவுட்ஃபீல்டர் 6, ஸ்டார்ட்டிங் பிட்சர் 19, க்ளோசர் (கடைசி இன்னிங்ஸில் முன்னணியைக் காக்கும் பிட்சர்) 8, கேட்சர் 7, முதல் பேஸ்மேன் 23, முழங்கை அறுவை சிகிச்சை முடிந்த பிட்சர் 11. மதிப்புப் பட்டியலில் நட்சத்திரத்துக்கு 42 டாலர்தான் போட்டிருக்கிறது. அவரை விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். 42 பெறுமானவருக்கு 45 கொடுப்பது நஷ்டம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த 42, யாரும் யாரையும் தக்கவைக்காத லீக்குக்குப் போட்ட கணக்கு. உங்கள் ஏலத்தில் அவர் அந்த விலைக்குக் கிடைக்கவே மாட்டார்.

காரணம் எளிது. 12 பேரிடமும் சேர்த்து 3,120 டாலர். எல்லாரும் தக்கவைப்பது மொத்தம் 60 பேர். மலிவாக இருப்பவரைத்தானே யாரும் வைத்துக்கொள்வார்கள்? அந்த 60 பேருக்கும் சேர்த்து 780 டாலர் செலவாகிறது, அவர்களின் உண்மை மதிப்பு 1,260 என்று வைத்துக்கொள்வோம். ஏலத்துக்கு மிஞ்சும் பணம் 2,340. வீரர்களின் மொத்த மதிப்பும் அதே 3,120தான், ஆகவே மிஞ்சும் சரக்கு 1,860 பெறுமானம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.26. ஏலத்தில் எல்லாமே சராசரியாக 26 சதவீதம் விலையேறும்.

இப்போது நட்சத்திரத்தைப் பாருங்கள். 42 இன்ட்டு 1.26, ஏறக்குறைய 53. உங்களுக்கு அவர் 45க்குக் கிடைக்கிறார். 8 டாலர் லாபம். மாற்றிச் சொன்னால், அவரை விட்டுவிட்டு 45 டாலரோடு ஏலத்தில் உட்கார்ந்தால் அந்தப் பணத்துக்குக் கிடைப்பது சுமார் 36 டாலர் பெறுமான ஆட்டம்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. விலையேற்றம் எல்லார் மேலும் சமமாக விழாது. ஒரு டாலர் வீரர் கடைசிவரை ஒரு டாலர்தான். 8 டாலர் கேட்சர் 10க்குப் போவதும் அபூர்வம். மிச்சப் பணம் முழுக்க உச்சியில் இருக்கும் பத்துப் பதினைந்து பேர் மேல் கொட்டும். ஆகவே உங்கள் நட்சத்திரம் 55ஐத் தொட்டாலும் ஆச்சரியமில்லை.

என் கணக்கில் மற்றவர்களின் அடிப்படை மதிப்பு: ஷார்ட்ஸ்டாப் 26, இளம் அவுட்ஃபீல்டர் 14, பிட்சர் 24, க்ளோசர் 12, கேட்சர் 8, முதல் பேஸ்மேன் 19, அறுவை சிகிச்சைக்காரர் 4. விலையேற்றத்தோடு பார்த்தால் ஷார்ட்ஸ்டாப்பிடம் 21 டாலர் லாபம், இளைஞரிடம் 12, பிட்சரிடம் 11. இந்த மூவரோடு நட்சத்திரத்தையும் சேர்த்து நான்கு பேர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே. முதல் பேஸ்மேன் 24க்குப் போவார், உங்கள் விலை 23. ஒரு டாலருக்காக ஓர் இடத்தை அடைக்க வேண்டாம். தேவையானால் ஏலத்திலேயே எடுங்கள்.

என் மதிப்பை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் ஏலக் கணக்கி இருக்கிறது. அணிகளின் எண்ணிக்கை, 260 டாலர், உங்கள் லீக்கின் இடங்கள், பத்துப் பிரிவுகள் ஆகியவற்றைக் கொடுத்தால் ஸ்டீமர், ஸிப்ஸ் போன்ற கணிப்புகளை வைத்து ஒவ்வொருவருக்கும் டாலர் மதிப்பு போட்டுத் தரும். அதை விரிதாளில் இறக்கி, மற்ற பதினொரு அணிகளிலும் யார் யாரை வைப்பார்கள் என்று நீங்களே குறியுங்கள். ஒரு மாலை நேர வேலை. இதைச் செய்யாமல் விலையேற்றத்தைக் குத்துமதிப்பாகப் போடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

பழைய பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், குறிப்பாக ஸ்டீலுக்கு, அதாவது பேட்டர் அடிக்காமலே ரன்னர் அடுத்த பேஸை ஓடிப் பிடிப்பதற்கு. 2023இல் பேஸின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. பிட்சர் ரன்னரைத் தடுக்க மேட்டிலிருந்து காலெடுப்பதற்கும் வரம்பு வந்தது. 2022இல் மொத்தம் 2,486 ஆக இருந்த ஸ்டீல்கள் மறு வருடமே 3,503க்குத் தாவின. அன்று 20 ஸ்டீல் அரிய சரக்கு, இன்று அப்படியில்லை. உங்கள் ஷார்ட்ஸ்டாப்பின் மதிப்பில் பெரும் பங்கு ஸ்டீல் என்றால் 26லிருந்து இரண்டு மூன்று டாலர் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவர்தான் முதல் ஆள்.

பிட்சரை வெற்றிக் கணக்கை வைத்து எடைபோடக் கூடாது. 2018இல் ஜேகப் டிகிராம் 1.70 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி, குறைந்தால் நல்லது) வைத்தும் வென்றது 10 ஆட்டம். 2025இல் பால் ஸ்கீன்ஸ் 1.97 வைத்தும் அதே 10தான். வெற்றி அணியின் பேட்டிங்கையும் பொறுத்தது. ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் (பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பியது) சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள். 20க்கு மேல் வந்தால் நல்ல ஆள், வைத்துக்கொள்ளலாம். பேட்டர் பக்கம் இதே மாதிரி அதிர்ஷ்டத்தைக் காட்டும் எண் பாபிப், அதாவது ஹோம் ரன் தவிர ஆட்டத்துக்குள் விழுந்த பந்துகளில் ஹிட் ஆனவை எவ்வளவு என்பது. லீக் சராசரி .300ஐ ஒட்டி இருக்கும். இளம் அவுட்ஃபீல்டருக்குப் போன வருடம் .370 இருந்திருந்தால் அந்த ஆவரேஜ் இறங்கும். வேகமாக ஓடுபவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு.

அறுவை சிகிச்சைக்காரர்தான் மனசைக் கெடுப்பவர். டாமி ஜான் சிகிச்சைக்கு, அதாவது முழங்கைத் தசைநார் அறுவைக்குப் பின் திரும்ப 12 முதல் 18 மாதம் ஆகும். திரும்பினாலும் பழைய ஆளாக வருவார் என்று சொல்ல முடியாது. ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 2023இல் 281 ஸ்ட்ரைக்அவுட், 20 வெற்றி. 2024 ஏப்ரலில் முழங்கை அறுவை. 2025இல் வந்தபோது பந்தில் பழைய வேகம் இல்லை. பேட்டர்களிடமும் இது உண்டு: ரொனால்ட் அகுன்யா 2023இல் 41 ஹோம் ரன்னும் 73 ஸ்டீலும் வைத்தவர், முழங்கால் தசைநார் கிழிந்து 2025இல் திரும்பியபோது ஹோம் ரன் 21 வந்தது, ஸ்டீல் வெறும் 9. அடிக்கும் கை திரும்பிவிடுகிறது, ஓடும் கால் தயங்குகிறது. உங்கள் பிட்சருக்கு இந்த வருடம் 11 கொடுத்து, அடுத்த வருடம் 16 கொடுத்து, அப்புறம்தான் பலன். காயப்பட்டோர் இடம் உங்கள் லீக்கில் இருந்தாலும் அவரை உட்காரவைப்பது ஒரு கீப்பர் இடத்தை விற்றுவிட்டுத்தான். விடுங்கள்.

ஐந்தாவது இடத்துக்கு மிஞ்சுவது க்ளோசரும் கேட்சரும். தாளில் க்ளோசர் லாபம் 7. ஆனால் சேவ், அதாவது முன்னணியைக் கடைசிவரை காத்துக் கொடுத்த கணக்கு, மேனேஜர் கொடுக்கும் வேலையால் வருவது. இரண்டு மோசமான வாரம் போதும், ஒன்பதாவது இன்னிங்ஸ் வேறொருவருக்குப் போய்விடும். தோற்கும் அணியில் இருந்தால் ஜூலை இறுதி வியாபாரத்தில் இன்னொரு அணிக்குப் போய் எட்டாவது இன்னிங்ஸ் ஆளாகிவிடுவார். ஆகவே அந்த 7ஐ 3 என்றே எண்ணுங்கள். கேட்சர் விலை அவ்வளவாக ஏறாது என்பதால் அவரிடம் கிடைப்பது ஒரு டாலர்.

எனவே இருவரில் க்ளோசர். ஆனால் அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஆறு ஏழு நல்ல கீப்பர்களை வைத்துக்கொண்டு திண்டாடும் ஓர் அணி உங்கள் லீக்கில் கட்டாயம் இருக்கும். அந்த அணிக்காரரின் ஆறாவது ஆள் எப்படியும் ஏலத்துக்குத்தான் போகப்போகிறார். க்ளோசரையும், அடுத்த வருடத்தை நினைத்துக் காத்திருக்க அந்த அணிக்காரர் தயாரென்றால் அறுவை சிகிச்சைப் பிட்சரையும் கொடுத்து, அந்த ஆறாவது ஆளைக் கேட்டுப் பாருங்கள். கீப்பர் அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்பே பேசுங்கள். கடைசி நாளில் எல்லாரும் அதையே செய்வார்கள்.

60 பேரும் அறிவிக்கப்பட்ட அன்று கணக்கை மறுபடி போடுங்கள். உண்மை விலையேற்றம் 18 சதவீதம் வந்தாலும் நட்சத்திரம் 49க்கு மேல், நீங்கள் பிழைத்தீர்கள். 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அவருக்கு 45 அதிகம். லீக்கில் பாதிப்பேர் மலிவைப் பார்க்காமல் பிடித்த வீரரை முழு விலைக்கு வைத்துக்கொண்டால் அப்படி நடக்கும். உங்கள் நண்பர்களை உங்களுக்குத்தான் தெரியும்.