வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுக்கு நூலகத்தில் எங்கே தேடுவது?

கேள்வி: கல்வியியலில் முதுநிலைப் படிப்பு படிக்கிறேன். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் கற்றலில் வீட்டுப்பாடத்துக்கும் அதில் பெற்றோர் செய்யும் உதவிக்கும் என்ன பங்கு என்பதுதான் ஆய்வுத் தலைப்பு. நூலகப் பட்டியலில் நான்கைந்து புத்தகங்கள்தான் வருகின்றன. கூகுளில் தேடினால் லட்சக்கணக்கில் வந்து விழுகிறது. உருப்படியான கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நான்கைந்து புத்தகங்கள்தான் வந்தன என்பதால் இந்தத் தலைப்பில் யாரும் எழுதவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி இதழ்க் கட்டுரைகளாகவும் அறிக்கைகளாகவும்தான் இருக்கிறது. சாதாரண நூலகப் பட்டியல், இதழின் பெயரைக் காட்டும். அதற்குள் இருக்கும் கட்டுரைகளைக் காட்டாது.

அதனால் முதலில் போக வேண்டிய இடம் எரிக். அமெரிக்க அரசு 1960களில் தொடங்கிய கல்வியியல் தரவுத்தளம் இது. பணம் கட்ட வேண்டாம், கணக்கும் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் இருக்கும். ஈஜே என்று தொடங்கினால் இதழ்க் கட்டுரை; ஈடி என்று தொடங்கினால் அறிக்கை, மாநாட்டுக் கட்டுரை போன்றவை. ஈடி பதிவுகளில் பலவற்றை முழுமையாகவே இறக்கிக்கொள்ளலாம். மாணவர்கள் பலர் இவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

எரிக்கில் எப்படித் தேடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே விஷயத்தை ஆய்வாளர்கள் ஆளுக்கொரு பெயரில் எழுதுவார்கள். எரிக் அவற்றையெல்லாம் டிஸ்கிரிப்டர் எனப்படும் ஒரே சொல்லின்கீழ் திரட்டி வைத்திருக்கிறது. அந்தச் சொற்களின் தொகுப்பான தெசாரஸை அதே தளத்தில் முதலில் திறந்து பாருங்கள். 'ஹோம்வொர்க்' அப்படியே இருக்கிறது. பெற்றோர் உதவியை 'பேரன்ட் பார்ட்டிசிபேஷன்' என்று தேட வேண்டும். 'பிரைமரி எஜுகேஷன்' என்ற சொல்லில் கவனமாக இருங்கள். எரிக்கைப் பொறுத்தவரை அது மூன்றாம் வகுப்பு வரைதான். நான்கு, ஐந்தாம் வகுப்புகளும் உங்களுக்கு வேண்டுமென்றால் 'எலிமென்டரி ஸ்கூல் ஸ்டூடன்ட்ஸ்' என்று கொடுங்கள். தேடுபெட்டியில் டிஸ்கிரிப்டர் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, வேண்டிய சொல்லை இரட்டை மேற்கோள்குறிக்குள் கொடுத்தால் அந்தச் சொல்லின்கீழ் வகைப்படுத்தியவை மட்டும் வரும். அப்படி இரண்டு சொற்களை 'அண்ட்' போட்டு இணைத்துவிட்டு, பியர் ரிவ்யூ (பிற ஆய்வாளர்கள் மதிப்பிட்ட பிறகு வெளியானவை) என்ற வடிகட்டியை அழுத்துங்கள். பட்டியல் படிக்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும்.

அதில் முதலில், பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து அலசும் தொகுப்பாய்வுகளைப் பிடியுங்கள். உங்கள் தலைப்புக்கு அதிர்ஷ்டவசமாக இரண்டு இருக்கின்றன. இரண்டுமே ரிவ்யூ ஆஃப் எஜுகேஷனல் ரிசர்ச் இதழில் வந்தவை. எழுதியவர்கள் ஹாரிஸ் கூப்பர், ஜார்ஜியான் ராபின்சன், எரிகா படால். 2006-ல் வந்தது, வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்பு முதல் வலுவாகவும் அதற்குக் கீழே பலவீனமாகவும் இருப்பதாகச் சொல்கிறது. 2008-ல் வந்தது பெற்றோர் பங்கைப் பற்றியே பேசுகிறது: பாடம், வகுப்பு, உதவியின் வகை ஆகியவற்றைப் பொறுத்து விளைவு மாறுகிறது என்கிறது. தொடக்கப்பள்ளியைத் தேர்ந்தெடுத்த நீங்கள் இந்த முடிவுகளுக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

இவற்றின் மேற்கோள் பட்டியல் உங்களைப் பின்னோக்கி அழைத்துப் போகும். முன்னோக்கிப் போக கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே உள்ள 'சைட்டட் பை' என்ற இணைப்பைத் தட்டுங்கள். வருகிற பட்டியலுக்குள் மட்டும் தேடுவதற்கு ஒரு சிறு கட்டம் மேலே இருக்கும். அதைக் குறித்துவிட்டு எலிமென்டரி என்று தேடுங்கள். கூகுளின் பொதுத் தேடலில் ஒரு வாரம் உட்காருவதைவிட இந்த ஒரு மணி நேரம் மேல்.

பணம் கேட்கும் கட்டுரைக்கு உடனே காசு கொடுக்காதீர்கள். ஸ்காலரிலேயே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதைத் திறந்தால், ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசப் பிரதி இருந்தால் தெரியும். அன்பேவால் என்ற உலாவி நீட்சியும் அதே வேலையைச் செய்யும். அதிலும் கிடைக்காவிட்டால் உங்கள் நூலகத்தில் 'இன்டர் லைப்ரரி லோன்' கேளுங்கள். வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதினாலும் பலர் அனுப்பிவைக்கிறார்கள்.

அலமாரிப் பக்கம் போகும்போது, புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி முறை நூலகமென்றால் 370 வரிசையோடு நிற்காதீர்கள். கற்பித்தல், படிக்கும் முறைகள் 371.3-இலும் தொடக்கக் கல்வி 372-இலும் இருக்கும். குழந்தை உளவியலோ 155.4-க்கும், கல்வியின் சமூகவியல் 306.43-க்கும், குழந்தை வளர்ப்பு 649-க்கும் போய்விடும். பெற்றோர் பற்றிய நல்ல புத்தகங்கள் இந்தக் கடைசி இரண்டில் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

புள்ளிவிவரங்கள் வேண்டுமென்றால் பலரும் பீசா என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டை நோக்கி ஓடுகிறார்கள். அது 15 வயதினருக்கான தேர்வு, உங்களுக்குப் பயன்படாது. நான்காம் வகுப்பை அளக்கும் பன்னாட்டு மதிப்பீடுகளான டிம்ஸ் (கணிதம், அறிவியல்), பிர்ல்ஸ் (வாசிப்பு) இரண்டும்தான் பொருத்தம். 2001-ல் தொடங்கிய பிர்ல்ஸில் பெற்றோருக்கென்றே தனி வினாத்தாள் உண்டு. மூலத்தரவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் மேற்கோள்களை எரிக்கிலோ ஸ்காலரிலோ சரிபார்க்காமல் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டுத் தந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு நூலகரிடம் போங்கள். 'வீட்டுப்பாடம் பற்றி ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்டால் அந்த நான்கைந்து புத்தகங்களைத்தான் காட்டுவார். எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களைப் போட்டு, எந்தத் தேதியில் தேடினீர்கள், எத்தனை வந்தன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், விட்டுப்போன சொல் எது, உங்கள் நூலகம் சந்தா கட்டும் வேறு தரவுத்தளம் எது என்று அவரால் உடனே சொல்ல முடியும். அதே தாள் ஆய்வேட்டின் முறையியல் பகுதிக்கும் உதவும்.