பேரிடரில் குழந்தைகள்: செவிலிய மாணவர்களுக்கு ஒரு நாள் பயிற்சியில் எதைக் கற்பிக்கலாம்?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள ஒரு செவிலியர் கல்லூரியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பேரிடர்ப் பாடம் எங்களிடம் சில விரிவுரைகளோடு முடிந்துவிடுகிறது. அதில் குழந்தைகளுக்கென்று தனியாக எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு முழு நாள் பயிற்சி அளிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. விலை உயர்ந்த பயிற்சிப் பொம்மைகள் எங்களிடம் இல்லை. அந்த ஒரு நாளில் எதைக் கற்பிப்பது?

பதில்: தங்கள் மாணவர்கள் குழந்தை நல மருத்துவத்தையும் சமுதாய நலச் செவிலியத்தையும் ஏற்கெனவே படித்திருப்பார்கள். அவர்களிடம் இல்லாதது, கூட்டத்துக்கும் கூச்சலுக்கும் நடுவில், குழந்தையின் உடலுக்கேற்ற எண்களை வைத்து அரை நிமிடத்தில் முடிவெடுக்கும் பழக்கம். எனவே அந்த நாளில் விரிவுரை வேண்டாம். காலை முழுவதையும் வகைப்பிரிப்புக்கு, அதாவது யாரை முதலில் கவனிப்பது என்று தீர்மானிக்கும் ட்ரையேஜ் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

பெரியவர்களுக்குப் பரவலாகப் பயன்படும் ஸ்டார்ட் என்ற வகைப்பிரிப்பு முறையைக் குழந்தைகளிடம் அப்படியே பயன்படுத்தினால் பிழை நேரும். அம்முறையில் நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் மூச்சு விடுபவருக்கு, உடனடிச் சிகிச்சை தேவை என்பதைக் குறிக்கும் சிவப்பு அட்டை கட்டப்படும். ஆனால் அழுதுகொண்டிருக்கும் இரண்டு வயதுக் குழந்தை நாற்பது முறை மூச்சு விடுவது இயல்பே. இதைக் கருத்தில் கொண்டு, அமெரிக்கக் குழந்தை அவசர மருத்துவர் லூ ரோமிக் 1995இல் உருவாக்கிய ஜம்ப்ஸ்டார்ட் முறை, ஒன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு வேறு எல்லைகளை வகுக்கிறது: மூச்சு 15க்குக் குறைவாகவோ 45க்கு மேலாகவோ இருந்தால் சிவப்பு; நாடி தொட்டு உணர முடியாவிட்டால் சிவப்பு; குரலுக்கோ வலிக்கோ உரிய வகையில் பதிலளிக்காவிட்டாலும் சிவப்பு.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு மூச்சு நின்ற குழந்தையிடம்தான் இருக்கிறது. பெரியவருக்கு மூச்சுப் பாதையைத் திறந்தும் மூச்சு வரவில்லையென்றால், இறந்தவர் அல்லது பிழைக்க வாய்ப்பில்லாதவர் என்பதைக் குறிக்கும் கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் செல்ல வேண்டும். குழந்தைகளிடமோ பெரும்பாலும் மூச்சு முதலில் நிற்கிறது, இதயம் பிறகுதான் நிற்கிறது. ஆகவே நாடி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஐந்து முறை செயற்கை மூச்சு கொடுத்துப் பார்க்க வேண்டும். மூச்சு திரும்பினால் சிவப்பு, திரும்பாவிட்டால் கறுப்பு. இதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 15 விநாடிகள். வெள்ளத்தில் மூழ்கி எடுக்கப்பட்ட குழந்தைக்கு இந்த 15 விநாடிகள் உயிரைக் கொடுக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு மாணவரும் இதைத் தன் கையால் பலமுறை செய்து பழகியே ஆக வேண்டும்.

இதற்கு விலை உயர்ந்த பொம்மை தேவையில்லை. இருபது அட்டைகளில் வயது, மூச்சு, நாடி, நினைவு நிலை ஆகியவற்றை எழுதி, துணிப் பொம்மைகளிலும் இளைய வகுப்பு மாணவர்களின் சட்டைகளிலும் குத்திவிடுங்கள். சிலரைப் பதறும் தாய்மார்களாக நடிக்கச் சொல்லுங்கள். ஓர் அட்டைக்கு முப்பது விநாடிதான் என்று கடிகாரத்தை வைத்து நடத்துங்கள். உரக்க அழும் குழந்தையிடம் எல்லோரும் ஓடுவார்கள். மூலையில் அசையாமல் கிடக்கும் குழந்தையைக் கடந்து போவார்கள். அதை அங்கேயே நிறுத்திக் காட்டுங்கள். குழந்தைக்குக் கறுப்பு அட்டை கட்டுவது நடிப்பிலும் கைகளை நடுங்க வைக்கும். பயிற்சி முடிந்ததும் அதைப் பற்றி அவர்கள் பேசுவதற்கு அரை மணி நேரம் கொடுங்கள். மதிப்பெண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிற்பகலில் கணக்கு. பேரிடர் முகாமில் மருந்துத் தவறுகளுக்கு வழிவகுப்பது பெரும்பாலும் எடையும் மருந்தின் செறிவும்தான். நன்கொடையாக வரும் பாராசிட்டமால் சிரப்பில் ஒரு புட்டியில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராமும், இன்னொன்றில் 250 மில்லிகிராமும் இருக்கும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் பத்து கிலோ குழந்தைக்கு முதல் புட்டியில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. இரண்டு புட்டிகளையும் மேசையில் கலந்து வைத்து, லேபிளை வாய்விட்டுப் படித்த பின்னரே அளக்க வேண்டும் என்று பழக்குங்கள். எடை பார்க்க அருகிலுள்ள அங்கன்வாடியின் எடைக் கருவியைக் கேட்டு வாங்கலாம்.

வெள்ளத்துக்குப் பின் முகாம்களில் காயங்களைவிட வயிற்றுப்போக்கே அதிகக் குழந்தைகளை நம்மிடம் கொண்டுவரும். ஓரளவு நீரிழப்பு உள்ள குழந்தைக்கு நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி ஓ.ஆர்.எஸ். கரைசல் தர வேண்டும். எட்டு கிலோ குழந்தைக்கு இது 600 மில்லி ஆகும். தாயிடம் 600 மில்லி என்று சொல்வதில் பயனில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு 5 மில்லி கரண்டி என்று சொன்னால் மணிக்கு 150 மில்லி வீதம் கணக்கு சரியாக முடியும். மாணவர்கள் இதைத் தாய்க்குச் சொல்லும் சொற்களிலேயே பழகட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகத் தரலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் நிற்கக் கூடாது. பால் மாவு டின்களை முகாமில் பொதுவாக விநியோகிப்பதைச் செவிலியர் தடுக்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது.

தீக்காயம் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களின் உடற்பரப்பை ஒன்பது ஒன்பது சதவீதப் பகுதிகளாகப் பிரித்துத் தீக்காயத்தை அளக்கும் ‘ஒன்பதின் விதி’ குழந்தைக்குப் பொருந்தாது; கைக்குழந்தையின் தலை மட்டுமே உடற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. விரல்களோடு சேர்ந்த குழந்தையின் உள்ளங்கை ஒரு சதவீதம் என்று அளப்பதே எளிது.

கடைசி ஒரு மணி நேரத்தை, பெரும்பாலான பயிற்சிகளில் விடுபட்டுப் போகும் ஒன்றுக்கு ஒதுக்குங்கள்: குழந்தையின் அடையாளம். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இலங்கையின் கல்முனை மருத்துவமனைக்கு ஒரு கைக்குழந்தை அன்றைய 81ஆவது நோயாளியாகக் கொண்டுவரப்பட்டது. பெற்றோர் யார் என்பதை உறுதிசெய்ய விவகாரம் நீதிமன்றம் வரை சென்று, மரபணுச் சோதனைக்குப் பிறகே 2005 பிப்ரவரியில் குழந்தை பெற்றோரிடம் சேர்ந்தது. எங்கே, எப்போது, யாரால் மீட்கப்பட்டது, என்ன உடை, என்ன மச்சம் அல்லது தழும்பு என்பதை முதல் பத்து நிமிடங்களிலேயே எழுதி, படம் எடுத்து, ஒரே எண்ணைக் குழந்தையின் மணிக்கட்டிலும் பதிவேட்டிலும் இடப் பழக்குங்கள். உரிமை கோரி வருபவர் எவ்வளவு அழுதாலும் செவிலியர் தாமாகக் குழந்தையை ஒப்படைக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098 வழியாகத் தகவல் தந்து, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தாய்க்குச் சிவப்பும், குழந்தைக்கு லேசான காயத்தைக் குறிக்கும் பச்சையும் விழுந்து, இருவரும் வேறு வேறு வண்டிகளில் ஏற்றப்படும் காட்சியையும் காலைப் பயிற்சியிலேயே சேர்த்துவிடுங்கள். அட்டையின் நிறம் குடும்பத்தைப் பிரித்துவிடாமல், குழந்தை தாயோடோ பெயர் எழுதப்பட்ட ஒரு பொறுப்பாளரோடோ செல்வதை மாணவர் உறுதிசெய்கிறாரா என்று பாருங்கள்.

இந்தப் பயிற்சியைச் செப்டம்பரில் நடத்தி, மூன்று மாதம் கழித்து அதே இருபது அட்டைகளை வரிசை மாற்றி முன்னறிவிப்பின்றி ஒரு மணி நேரம் திரும்ப நடத்துங்கள். மூச்சு எண்ணும் எல்லைகளும் சிரப்பின் கணக்கும்தான் முதலில் மறந்திருக்கும். அவற்றைக் கைக்கடக்கமான ஓர் அட்டையில் அச்சிட்டு, சீருடைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.